நாட்டின் இடது முழங்கால்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள் அவள். தினம் அறுபது எழுபது பேர் தொலைபேசியில் வந்து, தங்கள் வீட்டில் தண்ணீர் வராததற்கு அவள்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டு வைப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு, வீட்டில் ஒரு வார்த்தை புகார் சொல்லாத கணவர். கேள்விப்படுகிறவர்கள் “கொடுத்து வச்சவங்க” என்று பெருமூச்சு விடுவார்கள். அவளும் பெருமூச்சுதான் விடுவாள், வேறு காரணத்துக்காக.

கணவர் பதினாறு வருடம் தேசியக் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரர். எண்பத்து மூன்று சர்வதேசப் போட்டிகள். அடித்த கோல் இரண்டு. அதில் ஒன்று, அவர் நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது முதுகில் பட்டுத் தானாக உள்ளே போனது. கோல் அடிக்காத ஆளை யார் கொண்டாடப் போகிறார்கள், வீடு அமைதியாக இருக்கும் என்று கல்யாணமான புதிதில் அவள் நினைத்தாள். வாழ்க்கையில் அவள் போட்ட கணக்குகளில் இவ்வளவு மோசமாகத் தப்பியது வேறில்லை. ரசிகர்கள் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்கறிக் கடைக்காரர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் பூட்டு சார். அவளுக்கு மட்டும் ‘என்னங்க’.

தடுப்பாட்டத்தில் முதல் பாடம், எதிரணி ஃபார்வர்டுக்கு உன் வலியைக் காட்டாதே என்பதாம். எங்கே வலிக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே வந்து இடிப்பான். பாடம் சரிதான். ஆனால் அவர் ஓய்வு பெற்று இருபத்தோரு வருடம் ஆகியும், எதிரணி வீட்டுக்குப் போய்விட்டது என்று அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கடைவாய்ப் பல்லில் ஈறு வீங்கிக் கன்னம் பந்தாக நின்றபோது, பல் மருத்துவரிடம் “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றவர். காய்ச்சலில் பல் தந்தியடித்துக்கொண்டே “ஃபேனைக் கொஞ்சம் வேகமா வை” என்றவர். தெருவில் நடந்தால் எப்போதும் அவளுக்கு ஓரடி பின்னால்தான் வருவார். “பொண்டாட்டிய முன்னால விட்டு நடக்கறாரு பாருங்க, என்ன மரியாதை!” என்று இரண்டாம் மாடிக்காரம்மா உருகுவாள். அவர் நொண்டுவது அவள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட மரியாதை அது.

நொண்டியது வலது கால். நாட்டுக்குத் தெரிந்ததோ இடது கால்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஓர் அரையிறுதி ஆட்டம். எதிரணியில் மைதான ஓரமாகக் காற்றாகப் பறக்கிற ஒரு விங்கர். ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ஓர் உள்ளூர்ப் போட்டியில் பூட்டின் வலது முழங்கால் உள்ளுக்குள் கிழிந்துபோயிருந்தது. தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அணியின் மசாஜ்காரர், அவள். ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் மசாஜ்காரர் ஒரு காரியம் செய்தார். அடிபட்ட வலது காலை அப்படியே விட்டுவிட்டு, ஒரு குறையும் இல்லாத இடது முழங்காலில் வெள்ளைத் துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார், கடைசி வரிசைக்குக்கூடத் தெரிகிற மாதிரி. விங்கர் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தான், மனசுக்குள் சிரித்தான், ஆட்டம் முழுக்க அந்தப் பக்கமாகவே வந்தான். ஒவ்வொரு தடவையும் நல்ல காலிடம் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். கூடுதல் நேரம் முடிந்தும் கோல் இல்லை, பெனால்டியில் ஜெயித்தார்கள். அடுத்து இறுதிப் போட்டியில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அதை நாடு பெருந்தன்மையோடு மறந்துவிட்டது.

மறக்காதது அந்தத் துணிக்கட்டு. “ஒற்றைக் காலில் நின்று ஒரு தேசத்தையே தாங்குகிறார்” என்று வர்ணனையாளர் மைக்கிலேயே அழுதார். அந்த அழுகையில் ஆரம்பித்தது அவளுடைய தலைவலி. தபால்தலை வந்தது. விளையாட்டரங்க வாசலில் சிலை வந்தது. வருடத்துக்கு ஒருமுறை பெயின்டர் ஏணியோடு வந்து இடது முழங்காலுக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போவார். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கீறலும் இல்லாத முழங்காலில் கைக்குட்டை கட்டிக்கொண்டு விளையாடினார்கள். மசாஜ்காரர் அணி வேலையை விட்டு, சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் திறந்து, அந்தக் கட்டுத்துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதற்கு மேல் ஒரு பல்பும் எரியவிட்டார். அது அந்தத் துணியே இல்லை. அந்தத் துணி வீட்டுக்கு வந்து, துவைக்கப்பட்டு, இரண்டு வருடம் அடுப்பு மேடையைத் துடைத்து, நைந்து குப்பைக்குப் போனது. இதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பூட்டோடு குடித்தனம் நடத்தினால் கொஞ்சம் ஒட்டத்தானே செய்யும்.

ஓய்வுக்குப் பிறகு விளையாட்டு மன்றத்தில் ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். யாரும் ஆலோசனை கேட்டதில்லை. ரிப்பன் வெட்டக் கூப்பிடுவார்கள். ஜவுளிக்கடை, உடற்பயிற்சிக் கூடம், ஒருமுறை பூட்டுக் கடையும். போன இடமெல்லாம் “சார், அந்தக் கால்?” என்று கேட்டு, இடது முழங்காலோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இடது காலை முன்னால் நீட்டுவார். நீட்டும்போது உடம்பின் பாரம் முழுக்க வலது காலில் இறங்கும். ஒவ்வொரு புகைப்படமும் அந்த வலது காலில் ஓர் அடி. இருபது வருடப் புகழ் அந்த முழங்காலைத் தின்று தீர்த்துவிட்டது.

இப்போது அவருக்கு ஐம்பத்தேழு. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கும்போது சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவார். எதிரில் ஆள் வந்தால் நின்று, சுவரில் சுண்ணாம்பு உதிர்வதை ஆராய்கிற மாதிரி நடிப்பார். ஏறுவது இன்னும் மோசம். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம். அதற்கப்புறம் சாயங்காலங்களில் பூங்காவைச் சுற்றி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. ஓரடி பின்னால் இல்லை, பக்கத்தில். இன்னொரு வருடம் இப்படியே போனால் அவர் வீட்டை விட்டே இறங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அதனால்தான் அவரை இழுத்துக்கொண்டு முடநீக்கு மருத்துவரிடம் போனாள். டாக்டருக்கு முப்பத்தேழு வயது. பூட்டைப் பார்த்ததும் நாற்காலி சத்தம் போட எழுந்தார்.

“சார்! அந்த மேட்ச் அன்னைக்கு எனக்குப் பதினோரு வயசு. ஸ்கூல் டையை அவுத்து இடது முழங்கால்ல கட்டிக்கிட்டேன். எங்கப்பா அடி பின்னிட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணினேன் சார், எலும்பு டாக்டர்தான் ஆகணும்னு. இந்த மாதிரி ஒரு முழங்காலை நான்தான் சரி பண்ணணும்னு!”

“ரொம்ப சந்தோஷம் டாக்டர்” என்றார் பூட்டு.

“அந்தக் கால்தானே சார்? எனக்குத் தெரியும், என்னைக்காவது வருவீங்கன்னு.”

“டாக்டர், வலது…” என்று அவள் ஆரம்பித்தாள். மேசைக்கு அடியில் அவர் அவள் பாதத்தை மிதித்தார். இடது காலால்தான் மிதித்தார். வலது காலை அவ்வளவு தூரம் தூக்க அவரால் முடியாது.

இடது காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பதினாறு வருடம் பந்து உதைத்த முழங்கால். அதிலும் தேய்மானம் இருக்கத்தான் செய்தது. “படத்துல ரொம்ப மோசமாத் தெரியலை. ஆனா நீங்க நடக்கறதப் பாத்தா வலி பயங்கரமா இருக்கும்னு தெரியுது. நீங்க சொல்ற ஆளா என்ன!” என்று டாக்டர் கண் கலங்கி, மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தார். மறுநாளே கால்பந்துச் சம்மேளனத் தலைவர் நிருபர்களைக் கூட்டி, “நாட்டின் இடது முழங்காலை நாடே பார்த்துக்கொள்ளும்” என்று அறிவித்தார். செலவை ஏற்கும் கடிதம் முத்திரையோடு வீட்டுக்கு வந்தது. அதிலும் தெளிவாக ‘இடது’ என்றே இருந்தது.

அவள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, இது என்ன கூத்து? நல்ல காலை அறுத்துக்கப் போறீங்களா?”

“அதுலயும் தேய்மானம் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரே.”

“தேய்மானம் எனக்கும் இருக்கு, இந்த மேசைக்கும் இருக்கு. ஆபரேஷனா பண்ணிக்கறோம்?”

“அந்தப் பையன் இந்தக் காலைப் பாத்துத்தான் டாக்டரே ஆனான்.”

“அவன் டாக்டர் ஆனதுக்கு உங்க கால் தட்சணையா? வலது கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா வாய் வெந்துடுமா?”

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, அவர் அளவுக்கு நீளமான ஒரு பேச்சைப் பேசினார்.

“எண்பத்து மூணு மேட்ச் ஆடினேன். அந்தத் துணி ஒரே ஒரு மேட்ச்தான் ஆடிச்சு. எல்லாரும் அதை மட்டும்தான் பாத்தாங்க. அது பொய்னு சொல்லிட்டா மிச்சம் என்ன இருக்கு?”

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. நின்ற கோபம் எரிச்சலாக மாறியது. எரிச்சல் சுலபத்தில் நிற்காது. அந்த நேரம் பார்த்து மசாஜ்காரர் தொலைபேசியில் வந்தார். டி.வி.யில் செய்தி பார்த்திருக்கிறார்.

“அண்ணி, நீங்க ஒண்ணும் வாயத் திறந்துடாதீங்க. கண்ணாடிப் பெட்டியப் பாத்துட்டுத்தான் பாதிப் பேரு உள்ளயே வர்றான். அவருக்கென்ன, ரெண்டு காலும் தேஞ்சதுதான். எதைப் பண்ணா என்ன?”

“அப்ப உங்க கால்ல ஒண்ணைப் பண்ணட்டுமே. அதுவும் தேஞ்சுதானே இருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அறுவைக்கு முதல் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று வரை அவள் தினம் கெஞ்சினாள், மிரட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். பேசாமல் இருப்பதில் அவரை யாரால் ஜெயிக்க முடியும்? மூன்றாம் நாள் அவளே பேசிவிட்டாள். அறுவை நாள் காலையில் நர்ஸ் வந்தாள், கையில் ஊதா நிற மார்க்கர் பேனா.

“ரூல் சார், கோவிச்சுக்காதீங்க. எந்தக் கால்னு நீங்களே தொட்டுக் காட்டணும்.”

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இடது முழங்காலைத் தொட்டார். நர்ஸ் அதன்மேல் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டாள். போட்டுவிட்டு, “சார், எங்க அண்ணன் உங்க வெறியன்” என்று கைப்பேசியை எடுத்தாள். அவர் இடது காலை நீட்டினார். சிரித்தார்.

அவ்வளவுதான். அவள் எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

“டாக்டர், நீங்க தப்பான காலை அறுக்கப் போறீங்க.”

டாக்டர் கனிவாகச் சிரித்தார். பயந்த குடும்பங்களுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு. “அம்மா, நான் அந்த மேட்சை நூறு தடவை பாத்திருக்கேன்.”

“நீங்க மேட்ச் பாத்தீங்க. நான் கட்டைத் துவைச்சேன். ஒரு பொட்டு ரத்தம் இல்ல, வீக்கத்துக்குப் போடற மருந்து வாசனைகூட இல்ல. வெறும் துணி.”

“அவரே அந்தக் காலைத்தானே காட்டினார்?”

“டாக்டர், நான் குடிநீர் வாரியத்துல இருக்கேன். போன் பண்றவங்க எல்லாரும் ஈரமா இருக்கற இடத்தைத்தான் சொல்வாங்க. குழாய் உடைஞ்சது நாலு வீடு தள்ளி இருக்கும். சொன்ன இடத்துலயே தோண்டினா ரோடுதான் போகும், தண்ணி வராது. ஒரே ஒரு தடவ வந்து பாருங்க. அப்புறமும் இடதுதான்னா நான் வாயே திறக்கல.”

டாக்டர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடது முழங்காலை மடக்கினார், அழுத்தினார். “வலிக்குதா சார்?”

“பரவால்ல.”

வலது முழங்காலை மடக்கினார். இரண்டு பக்கமும் பெருவிரலை வைத்து அழுத்தினார். பூட்டின் முகம் தபால்தலையில் இருப்பது போலவே இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

“பாத்தீங்களாம்மா? ஒண்ணுமே இல்ல.”

“முகத்தைப் பாக்காதீங்க டாக்டர். அது அசையாது. அசையாம இருக்கறதுக்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தாங்க. பாதத்தைப் பாருங்க.”

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வலது பாதத்தில் ஐந்து விரல்களும் உள்ளங்காலை நோக்கிச் சுருண்டு, கட்டில் விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. டாக்டர் கையை எடுத்தார். விரல்கள் மெல்ல விரிந்தன. மறுபடி அழுத்தினார்; கவ்வின. இடது காலுக்குப் போனார். இடது விரல்கள் பாட்டுக்குச் சும்மா கிடந்தன. இருபத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. எந்த ஃபார்வர்டும் பூட்டைக் காலணி இல்லாமல் பார்த்ததில்லை.

டாக்டர் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினார். பதினோரு வயதுப் பையனின் முகம் அவருக்கு வந்திருந்தது, அப்பாவிடம் அடி வாங்கியதற்கு அப்புறமான முகம்.

“அப்போ… அந்த அரையிறுதி, சார்?”

அவள் கணவரைப் பார்த்தாள். சொல்லித்தான் தீர வேண்டும், இனி ஒளிய இடமில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

“வலது கால்தான் டாக்டர். அன்னைக்கும் அதுதான். வலிக்குது.” கொஞ்சம் யோசித்து, “ரொம்ப வலிக்குது” என்றார்.

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் புகார் என்று பெயர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்ப எதுக்கு சார் இடதுல கட்டு?”

அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. பூட்டு எழுந்து உட்கார்ந்தார். தலையணையை எடுத்து நடுவில் வைத்து, “இது நான்” என்றார். தண்ணீர் டம்ளர் விங்கர். மூக்குக்கண்ணாடிக் கூடு கோல் கம்பம். விங்கர் எப்படிக் கட்டைப் பார்த்தான், வலதுபக்கம் போக நினைத்தவன் எப்படிக் கட்டுக்கு ஆசைப்பட்டு இடதுபக்கம் திரும்பினான், திரும்புகிற இடத்தில் எப்படி நல்ல கால் முன்கூட்டியே போய் நின்றது என்று, இருபத்தாறு வருடமாக ஒருவரும் கேட்காத ஆட்டத்தை விரிப்பின் மேல் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். டம்ளர் கவிழ்ந்து விரிப்பு நனைந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

“அப்ப அவன் தொண்ணூறு நிமிஷமும் உங்க நல்ல காலைப் பாத்தே ஓடினானா?”

“நூத்தியிருபது” என்றார் பூட்டு.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, “சார், இது அதை விடப் பெரிய ஆட்டம் சார்” என்றார். நர்ஸைக் கூப்பிட்டு ஊதா அம்புக்குறியை அழிக்கச் சொன்னார். அது லேசில் அழியாத மை. அதனால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘இது இல்லை’ என்று எழுதி வைத்தார்கள். வலது காலுக்கு அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்து டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, “இதை வச்சுக்கிட்டு மூணாவது மாடியா?” என்பதுதான். சம்மேளனத்துக்கு அவரே எழுதினார். அங்கிருந்து திருத்திய கடிதம் வந்தது. நான்கு நாள் கழித்து அறுவை நல்லபடியாக முடிந்தது.

இதோடு விட்டிருந்தால் நாடு நாடாகவா இருக்கும்? நிருபர்கள் வார்டுக்கு வந்தார்கள். பூட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார்: இடது காலில் காயம் இல்லை, அது ஏமாற்றக் கட்டிய கட்டு. மறுநாள் தலைப்பு: ‘இரண்டு முழங்கால்களிலும் காயத்தோடு ஆடினார்! இருபத்தாறு ஆண்டு ரகசியம்!’ இடது கால் நன்றாக இருந்தது என்று அவர் சொன்னதையும் போட்டிருந்தார்கள், ‘தன்னடக்கம்’ என்ற உபதலைப்பில். அவள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் கம்பியின் மறுமுனையில் நின்று புகார் சொன்னாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, “பதிவு பண்ணிக்கிட்டோம் மேடம்” என்றாள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். வழியில் விளையாட்டரங்க வாசலில் பெயின்டர் ஏணியோடு நின்று சிலையின் வலது முழங்காலுக்கும் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். தெருவில் பிள்ளைகள் இரண்டு முழங்காலிலும் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். மசாஜ்காரர் குடியிருப்பு வாசலிலேயே காத்திருந்தார். “அண்ணி, பரண்ல தேடினேன், வலது காலுக்குக் கட்டினதும் கிடைச்சிடுச்சு. ரெண்டாவது பெட்டிக்கு ஆர்டர் குடுத்துட்டேன்.” வலது காலில் கட்டே போடவில்லை என்று அவருக்கு நினைவூட்ட அவள் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள்.

மாடி ஏறினார்கள். கைத்தடி, கைப்பிடி, ஒரு படிக்கு ஒரு மூச்சு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். சுவரில் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தார். அவள் ஒரு படி கீழே இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

“வலிக்குதா?”

“ம்.”

“புது முட்டியா?”

“இல்ல, அது நல்லா இருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “இடுப்பு. ஒரு எட்டு வருஷமா இருக்கு. சொல்லலாம்னுதான் பாத்தேன்.”

அவள் கையிலிருந்த மருந்துப் பையைப் படியில் வைத்தாள். எட்டு வருடத்தை அப்படியே விழுங்க ஒரு நிமிடம் வேண்டியிருந்தது.

“எந்தப் பக்கம்?”

அவர் வாயைத் திறப்பதற்குள், “நீங்க சொல்ல வேண்டாம்” என்று குனிந்து, அவருடைய செருப்பைக் கழற்றினாள்.